மரபணு சொல்லாத ஐந்து புரதங்கள்

டிமென்ஷியா என்றதும் பெரும்பாலானவர்களுக்கு அல்சைமர் நோய்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் படித்துப் பார்த்தவர்களுக்கு அமைலாய்டு, டாவ் என்ற இரண்டு புரதங்களின் பெயரும் தெரிந்திருக்கும். அந்த இரண்டுமே நம் எல்லோருடைய மூளையிலும் தினமும் உருவாகின்றன. ஒரு பெரிய புரதத்தை நொதிகள் நறுக்கும்போது விழும் துண்டு அமைலாய்டு பீட்டா. நரம்பணுவுக்குள் ஓடும் நுண்குழல்களோடு ஒட்டிக்கொண்டு அவை குலையாமல் வைத்திருப்பது டாவ். நோய் வரும்போது இவை உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டி, படிவாகச் சேர்கின்றன. செல் செய்தது என்னவோ வழக்கமான புரதம்தான். அப்புறம் அது போன வழிதான் தப்பு.

இன்னொரு வகை டிமென்ஷியாவில் கதையே வேறு. அங்கே செல் உருவாக்கும் சில புரதங்களுக்கு உடம்பில் எந்த வேலையும் கிடையாது. எந்த மரபணுவும் அவற்றைச் செய்யச் சொல்லவில்லை. பாடப்புத்தக விதிப்படி பார்த்தால் அவை உருவாகவே கூடாது. ஆனாலும் உருவாகின்றன, அதுவும் ஒன்றல்ல, ஐந்து. எப்படி என்று புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட உயிரியலே போதும். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் நோயைப் பற்றி. இதன் பெயர் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா. மூளையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் காதோரப் பகுதியும் தேய்ந்துபோகும். பல நேரம் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையிலேயே ஆரம்பித்துவிடும். முதலில் கெடுவது பெரும்பாலும் நினைவாற்றல் அல்ல, குணமும் பேச்சும்தான். நேற்றுவரை நிதானமாக இருந்தவர் இன்று யாரிடம் எதைப் பேசுவது என்ற கூச்சமே இல்லாமல் பேசுவார். வீட்டில் யார் அழுதாலும் அவரை அது தொடாது. சிலருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். வயதும் குறைவு, மறதியும் இல்லை என்பதால் இதை மனநோய் என்றோ குடும்பச் சண்டை என்றோ நினைத்துக்கொண்டு வருடங்களைக் கடத்திவிடுவதும் நடக்கிறது.

ஏஎல்எஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கை கால் அசைவும் விழுங்குவதும் மூச்சும் போய்விடும் நோய். அதற்கும் இந்த டிமென்ஷியாவுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியாமல்தான் வெகுகாலம் இருந்தது. ஆனால் சில குடும்பங்களில் அண்ணனுக்கு ஏஎல்எஸ், தங்கைக்கு டிமென்ஷியா, அத்தைக்கு இரண்டும் என்று வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட குடும்பங்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் 2006-இல் 9-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தப் பகுதிக்குள் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க மேலும் ஐந்து வருடம் ஆனது. 2011-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழுவும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தை மையமாகக் கொண்ட ஒரு பன்னாட்டுக் குழுவும் ஒரே நேரத்தில் அதை வெளியிட்டன. மரபணுவின் பெயர் சி9ஓஆர்எஃப்72. வாயில் நுழையாத பெயர்தான். 'சி9' என்றே இனிமேல் எழுதுகிறேன். ஆய்வுக்கூடங்களிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஏன் அவ்வளவு காலம் பிடித்தது? டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆன வரிசை. அந்தப் பிழை அதில் ஓர் எழுத்து மாறியதோ விடுபட்டதோ அல்ல. ஆறே எழுத்துகள், ஜிஜிஜிஜிசிசி, திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு முதல் எட்டு முறை வரை இருக்கும். இருபது வரை இருந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. நோயாளிகளிடமோ நூற்றுக்கணக்கில், சிலரிடம் ஆயிரக்கணக்கில். டிஎன்ஏவை நகலெடுத்து வாசிக்கும் வழக்கமான முறைகள் இப்படி ஜியும் சியுமாக நீளும் இடத்தில் தடுக்கி நின்றுவிடும். பிழை கண்ணெதிரே இருந்தும் கருவியில் விழவில்லை.

ஐரோப்பிய வம்சாவளியினரிடம் குடும்ப வழியாக வரும் ஏஎல்எஸ்ஸுக்கும் இந்த வகை டிமென்ஷியாவுக்கும் இதுதான் மிக அதிகமாகக் காணப்படும் மரபணுக் காரணம். பின்லாந்தில் குடும்ப வழி ஏஎல்எஸ் நோயாளிகளில் 46 சதவீதம் பேரிடம் இது இருந்ததாக 2011-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. ஆசியாவில் இது அரிது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு.

செல் புரதம் செய்யும் முறை

சரி, இப்போது பள்ளிப் பாடத்துக்குப் போவோம். உட்கருவில் இருக்கும் டிஎன்ஏவில் ஒரு மரபணுவின் நகல் ஆர்என்ஏவாக எடுக்கப்படுகிறது. அந்த முதல் நகலில் தேவையான பகுதிகளும் தேவையற்ற பகுதிகளும் கலந்திருக்கும். தேவையற்ற பகுதிக்கு இன்ட்ரான் என்று பெயர். செல் இன்ட்ரான்களை வெட்டி எறிந்து, மீதியை ஒட்டி, தூது ஆர்என்ஏவாக்கி வெளியே அனுப்புகிறது. வெட்டப்பட்ட இன்ட்ரான்கள் உட்கருவுக்குள்ளேயே சிதைந்துபோகும்.

வெளியே வந்த தூது ஆர்என்ஏவின் முனையை ரைபோசோம் பிடித்துக்கொள்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் நோபல் பரிசு பெற்றது இந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காகத்தான். அது ஆர்என்ஏ மீது நகர்ந்துகொண்டே 'ஏயுஜி' என்ற மூன்றெழுத்தைத் தேடும் (ஆர்என்ஏவில் டிக்குப் பதில் யு வரும்). அதுதான் தொடக்கக் குறி. அதிலிருந்து மும்மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். 'யுஏஏ', 'யுஏஜி', 'யுஜிஏ' ஆகிய மூன்று முடிவுக் குறிகளில் ஒன்று வந்தால் நின்றுவிடும்.

தொடக்கக் குறி ஏன் அவ்வளவு முக்கியம்? மிருதங்க வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் 'தகிட தகிட தகிட' என்ற சொற்கட்டை இடைவெளி விடாமல் எழுதிப் பாருங்கள்: தகிடதகிடதகிட. முதல் எழுத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்தால் 'தகிட'. இரண்டாவதிலிருந்து பிரித்தால் 'கிடத'. மூன்றாவதிலிருந்து 'டதகி'. எழுத்து வரிசை ஒன்றுதான், தொடங்கும் இடத்தைப் பொறுத்து மூன்று வேறு சொல். இந்த மூன்று வாசிப்புகளுக்கும் வாசிப்புச் சட்டகம் என்று பெயர். ஒரு தூது ஆர்என்ஏவில் எந்தச் சட்டகம் சரியானது என்று ரைபோசோமுக்குச் சொல்வது ஏயுஜி.

இதைச் சோதனைக் குழாயில் முதலில் கண்டவர்களில் ஒருவர் ஹர் கோவிந்த் குரானா. 1960-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த அவர், ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும் ஆர்என்ஏக்களைச் செய்து, அவற்றிலிருந்து என்ன புரதம் வருகிறது என்று பார்த்தார். 'ஏஏஜி' தொடர்ந்து வரும் ஆர்என்ஏவைக் கொடுத்தபோது ஒன்றல்ல, மூன்று வகைச் சங்கிலிகள் வந்தன: லைசின் மட்டும் கொண்ட ஒன்று, ஆர்ஜினின் மட்டும் கொண்ட ஒன்று, குளுட்டாமிக் அமிலம் மட்டும் கொண்ட ஒன்று. தொடக்கக் குறி இல்லாததால் வாசிப்பு கண்ட இடத்தில் தொடங்கியது. மரபுக் குறியீட்டை அவிழ்த்ததற்காக 1968-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சோதனைக் குழாயில் மெக்னீசியத்தை அதிகமாக வைத்ததால்தான் இப்படி நடக்கிறது, உயிருள்ள செல் இவ்வளவு ஒழுங்கில்லாமல் நடந்துகொள்ளாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான்.

பென்சிலை எடுங்கள்

சி9 பிழையை இப்போது தாளில் எழுதிப் பார்க்கலாம். ஜிஜிஜிஜிசிசி என்பதை நாலைந்து முறை தொடர்ச்சியாக எழுதுங்கள்.

முதல் எழுத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் ஜிஜிஜி, ஜிசிசி, மறுபடியும் ஜிஜிஜி, ஜிசிசி என்று வரும். ஜிஜிஜி என்றால் கிளைசின், ஜிசிசி என்றால் அலனின். ஆகக் கிளைசின், அலனின், கிளைசின், அலனின் என்று முடிவில்லாத சங்கிலி. இரண்டாவது எழுத்திலிருந்து தொடங்கினால் ஜிஜிஜி, சிசிஜி, கிளைசினும் புரோலினும். மூன்றாவதிலிருந்து தொடங்கினால் ஜிஜிசி, சிஜிஜி; கிளைசினும் ஆர்ஜினினும்.

இன்னொன்றும் கவனியுங்கள். முடிவுக் குறிகள் மூன்றிலும் யுவும் ஏவும் இருக்கின்றன. இந்தக் கோவையில் இரண்டுமே இல்லை. எந்தச் சட்டகத்தில் வாசித்தாலும் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கோவை தீரும்வரை சங்கிலி நீளும்.

டிஎன்ஏவுக்கு இரண்டு இழை உண்டு. நோயாளிகளின் செல்களில் எதிர் இழையிலிருந்தும் ஆர்என்ஏ நகல் எடுக்கப்படுகிறது. அதில் கோவை ஜிஜிசிசிசிசி. அதையும் மூன்று விதமாகப் பிரித்தால் கிளைசின்-புரோலின், புரோலின்-அலனின், புரோலின்-ஆர்ஜினின். கிளைசின்-புரோலின் இரண்டு பக்கமும் வருவதால் மொத்தம் ஐந்து. இந்த ஐந்தும் தாளில் மட்டும் இருக்கும் கணக்கல்ல. 2013-இல் ஜெர்மனியின் மியூனிக்கிலும் அமெரிக்காவிலும் இருந்த குழுக்கள், இறந்துபோன நோயாளிகளின் மூளையில் இவை திரண்டு கிடப்பதை ஒவ்வொன்றாகக் காட்டின.

ஆனால் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஐந்து என்ற எண் அல்ல. இந்தக் கோவை இருக்கும் இடம் ஓர் இன்ட்ரான். வெட்டி எறியப்பட்டு உட்கருவுக்குள்ளேயே சிதைய வேண்டிய பகுதி. அது வெளியே வந்ததே முதல் மீறல். பிரிட்டனின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2017-இல் அதற்கு ஒரு வழியைக் காட்டினார்கள். எஸ்ஆர்எஸ்எஃப்1 என்ற புரதம் ஆர்என்ஏக்களை உட்கருவுக்கு வெளியே கொண்டுவிடும் வேலையைச் செய்வது. அது இந்த நீண்ட கோவையோடு ஒட்டிக்கொண்டு அதையும் சேர்த்து வெளியே கொண்டுவிடுகிறது. பழ ஈக்களில் அந்தப் புரதத்தைக் குறைத்தபோது ஈக்களின் நடமாட்டம் தேறியது. செல்லுக்குத் தேவையான மற்ற தூது ஆர்என்ஏக்கள் வெளியே போவதில் பெரிய தடங்கலும் வரவில்லை.

இரண்டாவது மீறல், ஏயுஜி இல்லாமல் வாசிப்பு தொடங்குவது. இது சி9-க்கு முன்பே தெரியவந்துவிட்டது, அதுவும் தற்செயலாக. லாரா ராணம் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, சிறுமூளையைப் பாதிக்கும் வேறொரு பரம்பரை நோயை ஆராய்ந்துகொண்டிருந்தது. அங்கேயும் ஒரு மூன்றெழுத்துக் கோவை நீண்டுபோயிருக்கும். கோவைக்கு முன்னால் இருந்த தொடக்கக் குறியை அழித்துவிட்டால் புரதம் வராது என்று எதிர்பார்த்து அழித்தார்கள். புரதம் வந்துகொண்டே இருந்தது, அதுவும் மூன்று சட்டகங்களிலும். 2011-இல் இதை வெளியிட்டார்கள். குரானாவின் சோதனைக் குழாயில் நடந்தது உயிருள்ள செல்லிலும் நடக்கும் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. ரைபோசோம் ஆர்என்ஏவை வாசித்துப் புரதம் செய்வதை மொழிபெயர்ப்பு என்பார்கள்; ஏயுஜி இல்லாமல் நடக்கும் இந்த வாசிப்புக்கு ரேன் மொழிபெயர்ப்பு என்று பெயர்.

ரைபோசோம் எப்படி ஏமாறுகிறது? ஒரு பகுதி விடை கிடைத்திருக்கிறது. நீண்ட கோவையில் ஜியும் சியும் ஒன்றோடொன்று இணைந்து, ஆர்என்ஏ மடிந்து முடிச்சாகிவிடும். முனையிலிருந்து நகர்ந்து வரும் ரைபோசோம் அந்த முடிச்சின் முன்னால் தாமதிக்கிறது. அந்த இடத்துக்கு அருகே, கோவைக்குச் சுமார் 24 எழுத்துகள் முன்னால், 'சியுஜி' என்று ஒன்று இருக்கிறது. ஏயுஜியிலிருந்து ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். நின்று தயங்கும் ரைபோசோம் அதையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. கிளைசின்-அலனின் சங்கிலி இப்படித்தான் பிறக்கிறது. மற்ற சட்டகங்கள் எங்கே தொடங்குகின்றன என்பதில் ஆய்வுக்கூடங்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. வாசிப்பின் நடுவிலேயே ரைபோசோம் ஓர் எழுத்து வழுக்கி வேறு சட்டகத்துக்குப் போய்விடுகிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது.

குற்றவாளி யார்?

புரதம் இருக்கிறது என்பதாலேயே அதுதான் நரம்பணுவைக் கொல்கிறது என்று சொல்லிவிட முடியாது. கோவை நீண்ட ஆர்என்ஏவே கெடுதல் செய்யலாம். அது உட்கருவில் திட்டுத் திட்டாகச் சேர்ந்து வேறு பல புரதங்களைச் சிறைப்பிடிக்கிறது. அல்லது சி9 மரபணு தன் வழக்கமான வேலையைச் சரியாகச் செய்யாமல் போவதும் காரணமாக இருக்கலாம். மூன்று சந்தேகம்.

இதைப் பிரித்துப் பார்க்க லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2014-இல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பழ ஈக்களில் இரண்டு விதமான கோவைகளை வைத்தார்கள். ஒன்று சுத்தமான ஜிஜிஜிஜிசிசி வரிசை. இன்னொன்றில் அதே வரிசை, ஆனால் நடுநடுவே முடிவுக் குறிகளைச் செருகியிருந்தார்கள். இரண்டாவதில் ஆர்என்ஏ உருவாகும், உட்கருவில் திட்டாகவும் சேரும், ஆனால் நீண்ட புரதச் சங்கிலி வர முடியாது. முதல் வகை ஈக்களின் கண்கள் சிதைந்தன, ஆயுள் குறைந்தது. இரண்டாவது வகை ஈக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் தலைகீழாகவும் செய்தார்கள்: கோவையே இல்லாமல், வேறு எழுத்துகளைக் கொண்டு அதே புரதங்களை மட்டும் உருவாக்கினார்கள். ஆர்ஜினின் உள்ள இரண்டு சங்கிலிகளும் ஈக்களைக் கொன்றன. ஈயில், குறைந்தபட்சம், புரதத்தின் பக்கம்தான் சாட்சி பலமாக இருக்கிறது.

ஆர்ஜினின் ஏன்? அது நேர்மின்னூட்டம் கொண்டது. ஆர்என்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆர்ஜினின் ஒன்றுவிட்டு ஒன்று வரும் சங்கிலி, ஆர்என்ஏ எங்கெல்லாம் குவிந்திருக்கிறதோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். ரைபோசோம்கள் தயாராகும் உட்கருமணி அப்படிப்பட்ட இடம். ரைபோசோமும் பாதிக்கு மேல் ஆர்என்ஏதான். புதிய புரதம் ரைபோசோமிலிருந்து வெளியேறுவதற்கென்று ஒரு சுரங்கப்பாதை உண்டு. இந்தச் சங்கிலிகள் அதற்குள் போய் அடைத்துக்கொள்வதை மின்னணு நுண்ணோக்கியில் 2022-இல் பார்த்தார்கள். எந்த ரைபோசோம் அவற்றைச் செய்ததோ அந்த வகை ரைபோசோமையே அவை நிறுத்திவிடுகின்றன. கிளைசின்-அலனின் சங்கிலி வேறு மாதிரி: நீண்ட நாடாவாகத் திரண்டு, வேண்டாத புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோம்களைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கிளைசின்-புரோலின் சங்கிலி பெரிதாக எந்தத் தொந்தரவும் செய்வதாகத் தெரியவில்லை. ஆனால் தண்டுவடத் திரவத்தில் எளிதாக அளக்க முடிகிறது, நோய் அறிகுறி வராதவர்களிடமும் கூட. அதனால் அதை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள்.

மனித மூளையில் மட்டும் கணக்கு முழுதாகப் பொருந்தவில்லை. இந்தப் புரதங்கள் சிறுமூளையில் ஏராளமாகச் சேர்கின்றன, அங்கே நரம்பணுக்கள் அவ்வளவாகச் சாவதில்லை. நரம்பணுக்கள் செத்துக் கிடக்கும் இடங்களில் டிடிபி-43 என்ற இன்னொரு புரதம் உட்கருவை விட்டு வெளியே வந்து திரண்டிருக்கிறது. அதன் இருப்பும் நரம்பணுக்களின் சிதைவும்தான் நன்றாக ஒத்துப்போகின்றன. ஐந்து புரதங்கள் ஆரம்பித்து வைக்கின்றன, டிடிபி-43 முடித்து வைக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். நடுவில் இருக்கும் படிகள் இன்னும் தெளிவாகவில்லை.

ஒன்று மட்டும் கவலை தருகிறது. செல்லுக்கு ஏதாவது நெருக்கடி வந்தால், அது வழக்கமான புரத உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தொடக்கக் குறியில் ரைபோசோமை அமர்த்த உதவும் ஒரு காரணியை முடக்கி இதைச் செய்கிறது. அப்படி முடக்கும்போது நியாயமான புரதங்கள் குறைகின்றன, ரேன் மொழிபெயர்ப்போ கூடுகிறது என்று மிச்சிகன் ஆய்வாளர்கள் 2017-இல் கண்டார்கள். கூடும் புரதம் மேலும் நெருக்கடி தரும். நெருக்கடி மேலும் புரதம் தரும்.

தடுக்க முடியுமா?

இந்தச் சுழலில் பிகேஆர் என்ற நொதிக்குப் பங்கு உண்டு. அதை அடக்கும் மருந்துகளைத் தேடியபோது லாரா ராணத்தின் குழுவுக்கு ஒன்று அகப்பட்டது: மெட்ஃபார்மின். ஆமாம், நம் ஊரில் பாதி வீடுகளின் அலமாரியில் இருக்கும் அதே சர்க்கரை மாத்திரை. சி9 கோவை கொண்ட எலிகளில் அது ரேன் புரதங்களைக் குறைத்து நடத்தையையும் மேம்படுத்தியது என்று 2020-இல் எழுதினார்கள். மனிதர்களில் சிறிய அளவில் சோதனையும் தொடங்கினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மறதிக்காக மெட்ஃபார்மின் சாப்பிட ஆரம்பிக்க வேண்டாம். எலியில் தேறியதும் மனிதரில் விழுந்ததுமான மருந்துகள் இந்தத் துறையில் நிறைய.

விழுந்ததில் பெரியது ஆன்டிசென்ஸ் மருந்து. கோவை உள்ள ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கும் சிறிய துண்டு அது. தண்டுவடத் திரவத்தில் ஊசியாகச் செலுத்தப்படும். பயோஜென், அயோனிஸ் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து சி9 பிழை உள்ள ஏஎல்எஸ் நோயாளிகளிடம் இதைச் சோதித்தன. கிளைசின்-புரோலின் அளவு குறைந்தது. நோயாளிகள் தேறவில்லை. 2022-இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தோல்வியை வைத்துப் புரதங்கள் மேல் தப்பே இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம் என்பது என் எண்ணம். அந்த மருந்து ஒரு பக்கத்து இழையின் ஆர்என்ஏவை மட்டுமே குறிவைத்தது. எதிர் இழையிலிருந்து வரும் புரோலின்-ஆர்ஜினின், ஐந்தில் மிகக் கொடிய இரண்டில் ஒன்று, அதற்குத் தப்பிவிடும். சோதனைக்கு வந்தவர்களுக்கு நோய் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டது. டிடிபி-43 இடம்பெயர்ந்த பிறகு ஆரம்பப் புள்ளியை அடைப்பதால் பலன் இல்லாமல் போகலாம். சி9 மரபணுவின் இயல்பான வேலையும் இந்த நோயாளிகளிடம் குறைந்திருக்கிறது, செல்லுக்குள் கழிவை அகற்றுவதில் அதற்குப் பங்கு உண்டு. ஆர்என்ஏவைச் சிதைக்கும் மருந்து அந்தக் குறையைச் சரிசெய்யாது. இரண்டு இழைகளையும் ஒரே நேரத்தில் அடக்குவது, நீண்ட கோவையை டிஎன்ஏவிலிருந்தே வெட்டி எடுப்பது என்று இப்போது ஆய்வுக்கூடங்களில் நடக்கும் முயற்சிகள் இந்த ஓட்டைகளைப் பார்த்து எழுந்தவைதான்.